திரும்பி வருவதற்கு ஒரு விலை இருந்தது

எல்டன் ரிங் என்னும் வீடியோ கேமை இரண்டாம் முறையாக ஆடிக்கொண்டிருக்கிறேன். முதல் முறை முடித்தபோது மனத்தில் ஏதோ ஒரு குறை தங்கிவிட்டது. வரைபடம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால் வந்த களைப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். இங்கே கிருஷ்ணகிரியில் என்னுடன் கேம் பேசும் நான்கைந்து பேரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தவறான கணிப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே சண்டையிடும் கடினமான ஆக்‌ஷன் ஆர்பிஜி விளையாட்டுகள், எங்கு வேண்டுமானாலும் சுற்ற விடும் ஓப்பன் வேர்ல்டுக்கு (திறந்த உலகத்துக்கு) மாறியபோது, போன வழியே திரும்பி வருவதற்கு ஆடுபவர் கொடுக்க வேண்டியிருந்த விலை குறைந்துபோனது. ஊர் சுற்றிப் பார்ப்பதன் சுவை மாறியதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் 2011-இல் வெளிவந்தது. கணினிக்கு அடுத்த ஆண்டு வந்தது. தருமபுரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, வாடகை அறையில் நண்பன் ஒருவனின் பழைய கணினியில் அதை ஆடினேன். ஆண்டெட் பர்க் என்னும் பாழூரின் சந்துகளில் நான்கு நாள் செத்துச் செத்து ஏறி, டிராகன் தீ உமிழும் பாலத்தைச் சமாளித்து, கடைசியில் ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்தேன். கையிலிருந்த மருந்துக் குப்பி காலி. பகைவரைக் கொன்று சேர்த்த ஆன்மாக்களோ (அங்கே காசும் பலமும் அவைதான்) நிறைய. செத்தால் அவை விழுந்த இடத்திலேயே கிடக்கும், எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அத்தனையும் போய்விடும். ஓரத்தில் ஒரு லிஃப்ட் தெரிந்தது. ஏறி நின்றதும் அது கீழே இறங்கிக்கொண்டே போனது. நின்ற இடத்தில், பல நாளாகக் கேட்காத ஒரு மெல்லிய இசை கேட்டது. அது ஃபயர்லிங்க் ஷ்ரைன், ஆட்டத்தின் தொடக்கத்தில் நான் கிளம்பிய அதே திண்ணை. தொடக்கத்தில் அங்கே பார்த்த, மனமுடைந்த போர்வீரன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் படுத்திருந்த நண்பனை எழுப்பிக் காட்டினேன். அவன் திட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

அந்த லிஃப்டின் மதிப்பு, அது இல்லாதிருந்தால் நான் நடக்க வேண்டியிருந்த தூரத்தில் இருந்தது. டார்க் சோல்ஸில் ஆட்டத்தின் பாதி வரை, அதாவது ஆனோர் லோண்டோ நகரத்தில் தாவும் சக்தி தரும் ஒரு பெரிய கிண்ணம் கைக்கு வரும் வரை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வசதியே கிடையாது. பிளைட்டவுன் என்னும் விஷச் சதுப்புக்குள் இறங்கியவர் அதே மரச்சாரங்களைப் பிடித்து ஏறித்தான் வெளியே வர வேண்டும், அல்லது நீர்ச்சக்கரம் ஓடும் மறுவழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இறங்குவதற்கு முன்பே யோசிக்கத் தோன்றும்: அம்பு போதுமா, விஷமுறிப் பாசி எத்தனை இருக்கிறது, ஆயுதத்தைக் கொல்லரிடம் காட்டிவிட்டு வரலாமா?

உடன் படித்த நண்பன் ஒருவன் வத்தல்மலையைச் சேர்ந்தவன். மலைக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன், அவன் வீட்டார் தருமபுரிச் சந்தைக்கு நடந்தே இறங்கி, மூட்டையோடு நடந்தே ஏறியிருக்கிறார்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு அவன் பாட்டி வாங்க வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணி இரண்டு முறை ஒப்பிப்பாராம். உப்பை மறந்தால் அடுத்த சந்தை வரை உப்பில்லை. நான் ஆடிய அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க பாட்டி விளையாட வேண்டிய கேம்" என்றான்.

இனி எல்டன் ரிங்குக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்து ஓராண்டுக்குள் 2 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்ற விளையாட்டு. டார்க் சோல்ஸை இயக்கிய அதே ஹிடெடாகா மியாசாகியின் கைவண்ணம். குகையை விட்டு வெளியே வந்ததும் பொற்கவசம் அணிந்த குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாவுகிறான். அவனிடம் மோதிச் சாகாதவர் குறைவு. பழைய பழக்கத்தில் நானும் அவனை வென்றே ஆக வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் முட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிப் போ என்பதுதான் அங்கே பாடம் என்று பிறகுதான் புரிந்தது. ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் மார்கிட் என்னும் பெரிய எதிரி வழிமறித்து நின்றபோது அந்தப் பாடத்தைக் கடைப்பிடித்தேன். இரண்டு இரவு தோற்றபின் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய், குகைகளைத் துழாவி, லெவலை ஏற்றி, துணைக்கு வரும் ஆவிகளையும் சேர்த்துக்கொண்டு வந்து மூன்றாவது முயற்சியில் அவனை வீழ்த்தினேன். நிம்மதியாக இருந்தது, ஆனால் நான் ஜெயித்தேனா, என் லெவல் ஜெயித்ததா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் அத்தை மகன் இந்தச் சந்தேகத்தைக் கேட்டுச் சிரித்தான். "மச்சான், உனக்கு ராத்திரி முழுக்க நேரம் இருக்கு. எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா ஒரு மணி நேரந்தான். அதுல ஒரே வாசல்ல நின்னு சாவச் சொல்றியா?" என்று கேட்டான். டார்க் சோல்ஸை அவன் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் விட்டவன். எல்டன் ரிங்கை முடித்துவிட்டான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கதவு திறக்காதபோது வேறு பக்கம் போக இடம் இருப்பது, ஆட நேரம் குறைந்தவருக்கு உண்மையான உதவி. கடினத்தைக் குறைக்கும் பொத்தானை வைக்காமலே அந்த உதவியை நிலத்துக்குள் ஒளித்து வைத்தது கெட்டிக்காரத்தனம்.

தேடலிலும் எல்டன் ரிங் சில இடங்களில் பழைய விளையாட்டுகளை மிஞ்சுகிறது. புதிய பகுதிக்குள் நுழையும்போது வரைபடம் மங்கலாக இருக்கும். அந்த மங்கலுக்குள் ஒரு சிறு தூண் மட்டும் வரையப்பட்டிருக்கும். அந்தத் தூணைத் தேடிப் போனால்தான் வரைபடம் கிடைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தூண் சட்டென்று பிடித்துப்போனது. அதை நடுகல் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மிஸ்ட்வுட் காட்டிலுள்ள கிணற்று லிஃப்டையும் சொல்ல வேண்டும். இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. கதவுக்கு அப்பால் பூமிக்கு அடியில் ஒரு விண்மீன் வானம் விரிகிறது. மேலே நாம் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தில் அப்படி ஓர் இடம் உண்டு என்பதற்கு அதுவரை அடையாளமே இல்லை.

ஆனாலும் அந்த லிஃப்டில் நான் பயப்படவில்லை. டார்க் சோல்ஸில் ஒவ்வொரு இறக்கத்திலும் வயிற்றைப் பிசைந்த உணர்வு இங்கே வரவில்லை, ஏனென்றால் வரைபடத்தைத் திறந்து ஓர் இடத்தை அழுத்தினால் மேலே போய்விடலாம். டோரண்ட் என்னும் குதிரை இருக்கிறது. பகைவர் பத்துப் பேர் துரத்தினாலும் அது தாண்டிப் போய்விடும். பாஸ் எனப்படும் பெரிய எதிரிகள் பலரின் வாசலுக்கு அருகிலேயே மரிகாவின் முளைக்கம்பம் நிற்கிறது; செத்தாலும் அங்கேயே எழலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான வசதி. எல்லாம் சேரும்போது தூரம் என்ற ஒன்றே ஆட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறது.

இதற்குச் சான்று எல்டன் ரிங்குக்குள்ளேயே இருக்கிறது. ஏரிக்கரைப் பாழிடம் ஒன்றின் நிலவறையில் உள்ள பெட்டியைத் திறந்தால் புகை கிளம்பி, நம்மைத் தொலைதூரத்துக் கேலிட் பகுதியின் படிகச் சுரங்கத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். பூச்சி போன்ற காவலர்கள் ஓரடியில் கொல்கிறார்கள். அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியேறும் வரை வரைபடத் தாவல் வேலை செய்யாது. ஊர்ந்து, சுவரோடு ஒட்டி, ஒரு வழியாக வெளியே வந்து அந்தச் சிவந்த வானத்தைப் பார்த்தபோதுதான், நூறு மணி நேர ஆட்டத்தில் முதல் முறையாக நான் ஓர் அயலூரில் இருக்கிறேன் என்று உணர்ந்தேன். அதே நிலம், அதே பகைவர். பூட்டப்பட்டது ஒரு பொத்தான் மட்டுமே.

நிலவறைக் கல்லறைகள் ஒன்றையொன்று நகலெடுத்ததுபோல இருக்கின்றன என்ற பரவலான குறையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அது உண்மைதான், நெம்புகோலைத் தேடிக் கதவைத் திறக்கும் வேலை நான்காவது முறையே அலுத்துவிடுகிறது. ஆனால் ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் நுழைந்தால், பெரிய வாசல் வேண்டாம், பக்கத்து ஓட்டை வழியாகப் போ என்று ஒரு காவலாளி கிசுகிசுப்பதிலிருந்து, கூரைகளில் தாவிப் பழைய திண்ணைக்கே திரும்பி வந்து விழுவது வரை, 2011-இன் அந்தச் சுவை அப்படியே இருக்கிறது. பரந்த வெளிக்கு நடுவே இப்படிப்பட்ட கோட்டைகளை நட்டு வைத்திருப்பதால்தான் இந்த விளையாட்டு தாங்கி நிற்கிறது.

திறந்த உலகம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. கேப்காம் நிறுவனத்தின் டிராகன்ஸ் டாக்மா 2, 2024 மார்ச் மாதம் வந்தது. அதுவும் திறந்த உலகம்தான். ஆனால் தாவிப் போக ஒரு தடவை மட்டுமே பயன்படும் கல் வேண்டும், அது விலை அதிகம், குறிப்பிட்ட படிகங்கள் உள்ள இடத்துக்கு மட்டுமே போகும். மற்றபடி நடை, அல்லது மாட்டுவண்டி. வண்டியில் தூங்கிப் போனால் வழியில் பூதங்கள் மறித்து எழுப்பும். விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தால் கண்ணுக்கெட்டிய வரை கும்மிருட்டு. அங்கே ஒரு மலைக்குப் போவதா வேண்டாமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன். சலிப்பூட்டும் நடையும் அதில் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த யோசனைதான் எனக்கு வேண்டியிருந்தது.

2024 ஜூனில் வந்த எல்டன் ரிங்கின் கூடுதல் பகுதியான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வேறொரு வழியை முயன்றது. நிலத்தை அடுக்கடுக்காக மடித்துவிட்டார்கள். கண்ணெதிரே தெரியும் கோபுரத்துக்குப் போகும் பாதை எங்கோ பாதாளத்தில் தொடங்குகிறது. அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 50 மரத்துண்டுகளைப் பொறுக்கினால்தான் உடல் பலம் 20-ஆம் படி வரை ஏறும் என்ற ஏற்பாடு, தேடலைக் கடமையாக்கிவிட்டது. மூலைமுடுக்கெல்லாம் ஆசையாய்ப் பார்த்தவன், ரேஷன் கடையில் பொருள் விட்டுப்போகாமல் வாங்குபவனைப்போல ஆகிவிட்டேன்.

ஆகவே இரண்டாம் ஆட்டத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தலைநகர் லேண்டெல் போய்ச் சேரும் வரை வரைபடத்தில் தாவக் கூடாது. அத்தை மகன் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறான். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது: எந்தப் பாறைக்குப் பின்னால் கரடி இருக்கிறது, எந்தப் பாலத்தில் இரவில் போகக் கூடாது என்பதெல்லாம் தானாக மனத்தில் பதிந்தன. நேற்று முன்தினம் கேலிடிலிருந்து, ஆட்டம் தொடங்கும் பகுதியான லிம்கிரேவுக்குக் குதிரையில் திரும்பிக்கொண்டிருந்தேன். கையில் முப்பதாயிரம் ரூன்கள் (டார்க் சோல்ஸின் ஆன்மாக்களுக்கு இங்கே பெயர் அது) இருந்தன. பொழுது சாயும் முன் கடந்துவிடலாம் என்று போட்ட கணக்குத் தப்பிவிட்டது. இருட்டில் கருங்குதிரை வீரன் எதிரே வந்தான், டோரண்ட் முதலில் விழுந்தது, பிறகு நான். எழுந்து பார்க்கையில் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. ரூன்கள் அந்தச் சாலையிலேயே கிடக்கின்றன. இன்று இரவு போய் எடுக்க வேண்டும். பாலத்தைத் தவிர்த்து வடக்கே சுற்றிப் போகலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.