ரக்கூன் அண்டாதாம்!

‘ரக்கூன் அண்டாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட நான்காவது பொருளையும் காசு கொடுத்து வாங்கி, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக் கொண்டுபோய், ஏணி வைத்து ஏறி, கை சிராய்க்கத் திருகாணிகளை முடுக்கிப் பொருத்திவிட்டு வந்த மூன்றாம் நாள் இரவு, அந்தப் பொருளின் மேலேயே, மரமேறும் வட அமெரிக்கக் காட்டுப் பிராணியான ரக்கூன் ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்து மக்காச்சோளம் தின்னும் படம் என் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. இதை எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆஸ்டினில் வேலை பார்க்கும் நானும் அலுவலக நண்பர்கள் மூவரும், டெக்சஸ் மலைநாட்டின் மேசன் வட்டாரத்தில் ஒரு பண்ணையாளரின் நிலத்தை மான் வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். இந்த மாநிலத்தில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியாருடையது. அதில் தீவனம் இறைத்து மானை வரவழைப்பது சட்டப்படி ஏற்கப்பட்ட வழக்கம். வேட்டை சரியா தவறா என்று என்னோடு வாதாட விரும்புகிறவர்கள் வேறொரு நாள் வரலாம். இன்று எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நால்வரில், தீவனம் இறைக்கும் கருவியான ஃபீடரைக் கவனிக்கும் பொறுப்பு, ஏணியில் ஏறத் தயங்காதவன் என்ற ஒரே தகுதியால், என் தலையில் விழுந்தது.

ஃபீடர் என்பது பெரிய தந்திரமான இயந்திரம் ஒன்றுமில்லை. மூன்று இரும்புக் கால்களின் மேல் 55 கேலன் பீப்பாய் ஒன்று நிற்கும். அதில் ஏறத்தாழ 150 கிலோ மக்காச்சோளம் கொள்ளும். அடியில் புனல் போன்ற வாயும், வாய்க்குக் கீழே ஒரு சிறு மோட்டாரில் பொருத்திய சுழல்தட்டும், அதை இயக்க ஒரு பேட்டரியும், நேரம் குறிக்கும் கருவியும் இருக்கும். விடியற்காலையில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை, தலா ஆறு விநாடிகள் தட்டு சுழன்று சோளத்தை நாற்புறமும் வீசும். அந்த ஓசைக்குப் பழகிய வெண்வால் மான்கள் ஓக் மரங்களுக்கும், நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் புதர்களுக்கும் இடையிலிருந்து மெல்ல வெளியே வரும். ஒரு முறை நிரப்பினால் ஒன்றரை மாதம் தாங்கும் என்பது நான் போட்ட கணக்கு. பதினெட்டாம் நாள் போய்ப் பார்த்தபோது பீப்பாயைத் தட்டினால் வெண்கலப் பாத்திரம் போல ஒலித்தது.

மோட்டார் பழுதாகித் தட்டு நிற்காமல் சுற்றியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், பழியை இயந்திரத்தின் மேல் போட்டேன், புது மோட்டாரும் வாங்கினேன். பிறகு மரத்தில் கட்டிய கேமரா அனுப்பிய படங்கள் உண்மையைச் சொல்லின. மோட்டார் எதற்கு? ஒரு ரக்கூன் இரும்புக் காலைத் தழுவி ஏறி, பின்னங்கால்களால் மேலே பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி, முன்கையால் அந்தத் தட்டைச் சுற்றுகிறது. கீழே மூன்று குட்டிகள் அண்ணாந்து நிற்கின்றன. எனக்கு நேரம் குறிக்கும் கருவி தேவைப்படுகிறது. அதற்கு நேரமும் தேவையில்லை, பேட்டரியும் தேவையில்லை. அது சுற்றிச் சிந்தியதில் பாதியை அது தின்னும், மீதியை அணிலும் பறவையும் பொறுக்கும், விடியற்காலையில் வரும் மான் வெறும் மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பண்ணையின் ஃபீடரை நோக்கி நடக்கும். அடுத்த பண்ணைக்காரரோ அதே ரக்கூனின் பெயரைச் சொல்லி அங்கே தலையிலடித்துக்கொள்வார்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பூனையை விடப் பருத்த உடல், வளையம் வளையமாகக் கோடிட்ட வால், ஐந்து கிலோவுக்கு மேல் பத்து வரையிலும் அதற்கு அப்பாலும் எடை. ஆனால் அதன் கதையெல்லாம் கையில்தான் இருக்கிறது. ஐந்து விரல்கள் கொண்ட அந்த முன்கைக்கு நம்மைப் போல மடங்கும் கட்டைவிரல் கிடையாது. இருந்தும் அதன் மூளையில் தொடுவுணர்வுக்கான பகுதியின் பெரும்பங்கு அந்தக் கைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின்பாதங்களைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு தலைகீழாகவே மரமிறங்கும் திறமையும் உண்டு. வர்ஜீனியாவின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து வந்த ரக்கூன் என்ற சொல்லுக்கே கையால் பிராண்டுவது என்றுதான் பொருள் சொல்கிறார்கள். டெக்சஸில் ஸ்பானிய மொழி பேசுவோர் சொல்லும் மாபாச்சே என்ற பெயர், எல்லாவற்றையும் கையால் எடுப்பது என்ற பொருளில் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது. டேவிஸ் என்ற ஆய்வாளர் 1907இல் வெளியிட்ட ஆய்வில், 13 வகைத் தாழ்களில் 11ஐ ரக்கூன்கள் பத்து முயற்சிகளுக்குள் திறந்துவிட்டன. அந்தச் சேதி வெளிவந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஐயா. இன்றைக்கும் ஒரு சுருள்கம்பிக் கொக்கியை மூடியில் மாட்டி, அதை ரக்கூன் பூட்டு என்று சொல்லி, அதற்குத் தனி விலை வைத்து விற்கிறார்கள்.

முதல் வைத்தியமாக, ஃபீடரின் கால்களில் கிரீஸ் தடவினேன். ஆவணி மாதத்து வழுக்குமரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த யோசனை மிகவும் இயல்பாகவே பட்டது. முதல் இரண்டு இரவுகள் அது ஏறிச் சறுக்கி விழுந்த படங்களைப் பார்த்து நான் சிரித்ததை மறைக்கப் போவதில்லை. ஆனால் வழுக்குமரத்தில் ஏறுகிறவர்கள் முதல் சுற்றில் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டால் அடுத்த சுற்றில் ஏறிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் மறந்துபோயிற்று. தாயின் மேனியில் பாதி, குட்டிகளின் மேனியில் பாதி என்று கிரீஸ் ஒட்டிப்போக, மிச்சத்தின் மேல் மலைநாட்டுக் காற்று சுண்ணாம்புப் புழுதியை வாரி அடித்து, நான்காம் நாள் அந்தக் கால்கள் முன்பைவிடச் சொரசொரப்பாகப் பிடிமானம் கொடுத்தன. இறுதியில் வழுக்கியவன் ஏணியில் நின்ற நான் ஒருவன்தான்.

அடுத்து, கால்களைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் குழாய்களைச் செருகினேன். குழாய் தளர்வாகச் சுழல்வதால் பிடிக்க முடியாது என்ற கணக்கு தவறில்லை. ஆனால் ரக்கூன் குழாயைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்ற ஜூனிப்பர் கிளையிலிருந்து நேரே மூடிமேல் குதித்தது. கிளையை வெட்டினேன். காட்டுப்பன்றிகள் வராதிருக்க ஃபீடரைச் சுற்றி நாங்களே நட்ட கம்பி வேலியின் கம்பத்தில் ஏறி, அங்கிருந்து தாவியது. மான் தாண்டும், பன்றி தாண்டாது என்று அளந்து வாங்கிய அந்த வேலி ரக்கூனுக்குப் படிக்கட்டாயிற்று. அதைப் பெயர்த்து அகலமாக நடுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

சரி, தட்டைத்தானே சுற்றுகிறது, தட்டுக்கே காவல் போடுவோம் என்று கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கினேன். முதல் வரியில் சொன்ன பொருள் அதுதான். சோளம் வெளியே பறக்க வேண்டுமானால் கம்பிகளுக்கிடையே இடைவெளி வேண்டும். சோளம் பறக்கிற இடைவெளியில் ரக்கூன் குட்டியின் கை நுழையும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டுமா? அந்தக் கூண்டினால் நடந்த ஒரே மாற்றம், முன்பு தொங்கிக்கொண்டு தின்றவர்களுக்கு இப்போது உட்கார்ந்து தின்ன ஒரு பலகை கிடைத்ததுதான். உட்கார்ந்து தின்ற நேரத்தில் மின்கம்பியையும் கடித்து வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறதே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தின்பது தின்றுவிட்டு மூடியைத் தள்ளிவிட்டுப் போன மறுநாள் மழை பெய்தது. நான் சென்றது எட்டு நாள் கழித்து. பீப்பாய்க்குள் நூறு கிலோவுக்குக் குறையாத சோளம் நொதித்துப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூத்து, அடியில் களியாக இறுகிப் புனலை அடைத்திருந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மக்காச்சோளத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலைத் தாக்கும், அதிலும் காட்டு வான்கோழியையும் காடையையும் மிக எளிதில் பாதிக்கும். எனவே அதை அப்படியே தரையில் கொட்டிவிட்டு வரவும் மனசாட்சி இடம் தரவில்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அரைநாள் மண்வெட்டியால் சுரண்டி, மூட்டைகளில் கட்டி, குப்பைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். புதுச் சோள மூட்டை ஒன்று பத்து டாலருக்கு முன்பின் என்றாலும், இருபத்திரண்டு கிலோ மூட்டையைத் தோளில் வைத்து ஏணியேறியவனின் முதுகுக்கு யார் விலை போடுவது? போதாக்குறைக்கு, தள்ளிவிட்ட மூடியைக் கழிப்பிடமாகவும் பயன்படுத்தியிருந்தார்கள். ரக்கூன்கள் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே திரும்பத் திரும்பக் கழிக்கும் பழக்கமுடையவை. அந்தக் கழிவில் இருக்கக்கூடிய உருண்டைப் புழுவின் முட்டைகள் மனித உடலுக்குள் போனால், அரிதாகவே என்றாலும், மூளையையும் கண்ணையும் கெடுக்கும். ஆகையால் கையுறை, கொதிநீர், தேய்ப்பு என்று மிச்ச அரைநாளும் முடிந்தது.

யோசனை சொல்கிறவர்களுக்கோ பஞ்சமே இல்லை. வானொலியைப் பாடவிடு என்றார் ஒருவர். மானுக்குக் காது கிடையாது என்று நினைத்துவிட்டார் போலும். மிளகாய்த்தூளைக் கலந்துவிடு, ஓடிவிடும் என்றார் இன்னொருவர். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது, பாலூட்டிக்கு உறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மானும் பாலூட்டிதானே, பெரியவரே! பீப்பாயைக் கம்பிக்கயிற்றில் தொங்கவிடு என்ற யோசனையையும் செய்து பார்த்தேன். கயிறு வழியே இறங்கி, பீப்பாயை ஊஞ்சலாட்டி, ஆட்டின வேகத்திலேயே சோளத்தைச் சிந்த வைத்தது.

கடைசியில் பொறி வைத்தேன். நாய் சிக்காத குழாய்ப் பொறி என்று ஒன்று உண்டு. குறுகிய குழாயின் அடியில் தின்பண்டத்தைப் போட்டுவிட்டால், கையை உள்ளே விட்டு இழுக்கிற பிராணிதான் மாட்டும். பூனை வராதிருக்க மார்ஷ்மெல்லோ மிட்டாய் போடுவார்கள். இந்த ஒரு பொருள் மட்டும் சொன்னபடி வேலை செய்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலை அது என்னை நிமிர்ந்து பார்த்தபோது, தொலைவான காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மனம் இளகிற்று. அங்கேயும் கதவு அடைத்திருந்தது. 1995 முதல் டெக்சஸில் நடப்பிலுள்ள வெறிநோய்த் தடுப்புக் கட்டுப்பாட்டின்படி, ரக்கூனைப் பிடித்து வண்டியிலேற்றி வேறிடம் கொண்டுபோகப் பொதுவாக அனுமதியில்லை. அங்கேயே கொல்ல வேண்டும், இல்லையேல் அங்கேயே விட வேண்டும். 1926இல் நன்றியறிதல் நாள் விருந்துக்கென்று உயிரோடு அனுப்பப்பட்ட ரக்கூனை, அதிபர் கூலிட்ஜ் ரெபெக்கா என்று பெயர் சூட்டி வெள்ளை மாளிகையில் வளர்த்தாராம். அவர் ஃபீடர் வைத்திருக்கவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எதைச் செய்திருந்தாலும் அந்த வாரமே வேறொன்று வந்து அதே காலைத் தழுவி ஏறியது என்று மட்டும் சொல்கிறேன்.

வராமல் என்ன செய்யும்? ஆண்டு முழுவதும் பண்ணைக்குப் பண்ணை சோளத்தை இறைத்து, அவற்றுக்கு அன்னதானக் கூடம் நடத்துகிறவர்கள் நாங்கள்தானே. எங்கள் சோளத்தில் கொழுத்த ரக்கூன், வசந்தத்தில் காட்டு வான்கோழியின் கூட்டையும் காடையின் கூட்டையும் தேடி முட்டைகளைக் குடிக்கிறது. காடை குறைந்துவிட்டதே என்று அதே நாங்கள் கூடிக்கூடிப் புலம்புகிறோம். என் நண்பரில் ஒருவர் இதைச் சொல்லி ஃபீடரையே கழற்றிவிடலாம் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நவம்பர் முதல் சனிக்கிழமை வேட்டைப் பருவம் தொடங்கும்போது பக்கத்துப் பண்ணைகளிலெல்லாம் சோளம் இறைபட, எங்கள் நிலத்தில் மட்டும் மெஸ்கீட்டை எண்ணிக்கொண்டு உட்கார அவரே தயாராக இல்லை.

ஆகவே என் கோபம் சுற்றிச்சுற்றி, ‘ரக்கூன் அண்டாது’ என்று அச்சிட்ட அந்தக் கூண்டின் அட்டைப்பெட்டிக்கே வருகிறது. ரக்கூன் அதன் கைக்குரிய வேலையைச் செய்கிறது. பொய் சொல்லிக் காசு வாங்கியது அது இல்லை. வளைந்த கூண்டையும் கடிபட்ட கம்பியையும் படமெடுத்து, வாங்கிய சீட்டோடு சேர்த்து, விற்ற நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதினோரு நாள் கழித்து மிகவும் பணிவாகப் பதில் வந்தது: தங்கள் பொருளுக்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு என்றும், விலங்குகளால் நேரும் சேதத்துக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது என்றும் எழுதியிருந்தார்கள். ரக்கூனைத் தடுக்கும் கூண்டுக்கு விலங்குகளால் சேதம் வரக் கூடாதாம்! அதே மடலின் கீழே, இன்னும் தடிமனான கம்பியில் செய்த அடுத்த வகைக் கூண்டை எனக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியில் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.