எந்த இரவின் ஹாக்லர்?

மிடில்வெயிட் குத்துச்சண்டையில் வெவ்வேறு காலத்தில் சாம்பியன்களாக இருந்த மார்வின் ஹாக்லரும் கார்லோஸ் மொன்சோனும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்த ஹாக்லர்? 1985 ஏப்ரல் 15 அன்று தாமஸ் ஹெர்ன்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த ஹாக்லரா? 1979 நவம்பரில் வீட்டோ அன்டுவோஃபெர்மோவுக்கு எதிராகக் கையில் இருந்த ஆட்டத்தைப் பின்சுற்றுகளில் நழுவவிட்டு டிராவோடு இறங்கிய ஹாக்லரா? 1987 ஏப்ரலில் ரே லெனார்டுக்கு ஆரம்பச் சுற்றுகளைத் தானம் செய்துவிட்ட ஹாக்லரா? மூன்று ஆட்டங்களும் நடந்தது லாஸ் வேகாஸின் ஒரே சீசர்ஸ் பேலஸில்தான். ஆளும் ஒரே ஆள்தான். ஆனால் மொன்சோன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் மூன்று பேருக்கும் மூன்று முடிவு வரும்.

வருடக்கணக்கில் இந்த மிடில்வெயிட் கற்பனை ஆட்டங்களைப் பற்றி நண்பர்களோடு வாதாடி வருகிறேன். பெரும்பாலும் பெயர்களைத்தான் மோதவிடுகிறோம். பிடித்தவரை ஜெயிக்க வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எனக்கு அது போதவில்லை. எந்த இரவு, எத்தனை சுற்று, எடை பார்த்தது எப்போது, இதையெல்லாம் முதலில் சொல்லுங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

எடையைப் பற்றிப் பேசினால் நிறையப் பேர் சலித்துக்கொள்கிறார்கள். மிடில்வெயிட் வரம்பான 160 பவுண்டு அன்றைக்கும் 160, இன்றைக்கும் 160, இதில் என்ன இருக்கிறது என்பார்கள். நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் ஆட்டம் நடக்கிற அன்றைக்கே எடை பார்த்தார்கள். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். உடம்பை வற்றவைத்து 160ஐத் தொட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வேறு ஆளாகத்தான் ரிங்குக்குள் வருகிறார்கள். 2017 மார்ச்சில் மிடில்வெயிட் சாம்பியன் கெனடி கொலோவ்கினோடு மோதிய டேனியல் ஜேக்கப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டங்களை வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப் ஆட்ட நாள் காலையில் இரண்டாவது முறை எடை பார்க்கும். 170 பவுண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. ஜேக்கப்ஸ் அதற்குப் போகவே இல்லை. அந்த ஒரு பெல்ட்டை ஜெயிக்கும் வாய்ப்பே போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார். கொலோவ்கின் தொடர்ச்சியாக எடுத்துவந்த 23 நாக் அவுட் அன்றைக்குத்தான் நின்றது. ஆகவே பழைய காலத்து ஆளை இன்றைய ரிங்கில் ஏற்றும்போது, எதிரே நிற்பவர் எத்தனை பவுண்டு என்று கேட்பது நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வியில் அதிகம் அடிபடுபவர் சுகர் ரே ராபின்சன். அவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே மனசு கனக்கிறது. வெல்டர்வெயிட்டில், அதாவது 147 பவுண்டில், அவருக்கு நிகராக இன்னொருவரை நான் வைக்க மாட்டேன். ஆனால் 160இல்? 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஜேக் லமோட்டாவை 13ஆவது சுற்றில் நிறுத்திப் பட்டத்தை எடுத்தபோது, ராபின்சன் ஏற்கெனவே 120க்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டங்களை முடித்திருந்தார். அன்றிரவும் அவர் வரம்புக்குச் சில பவுண்டு கீழேதான் நின்றார். எல்லோரும் அந்த இரவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். லமோட்டா அன்றைக்கு 160க்கு இறங்குவதற்கே உயிரை விட்டிருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரவைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரே நின்றவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே வருடம் ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பின் ராபின்சனைத் தோற்கடித்தார். 64 நாள் கழித்து நியூயார்க்கில் ராபின்சன் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். பத்தாவது சுற்றில் கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிய, இனி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலையில்தான் டர்பினைத் தரையில் விழ வைத்தார். எனக்குப் பிடித்த ராபின்சன் அவர்தான். இன்னொன்று, 1957 மே 1, ஜீன் ஃபுல்மரை வீழ்த்திய அந்த இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்து. 36 வயதாக இரண்டு நாள் பாக்கி. பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறார். பின்னால் போகிறவரின் அடியில் பலம் இருக்காது என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். ஃபுல்மரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தாடையில் ஒரே அடி, கதை முடிந்தது. அதுவரை ஃபுல்மரை யாரும் நாக் அவுட் செய்ததில்லை.

இருந்தாலும், ஹெர்ன்ஸ் இரவின் ஹாக்லருக்கு எதிரே 160 பவுண்டு ராபின்சனை நிறுத்தினால் நான் ஹாக்லர் பக்கம்தான். மிடில்வெயிட்டில் ராபின்சனை நெருக்கிக்கொண்டே வந்தவர்கள் எல்லோருமே அவரைத் திணறடித்திருக்கிறார்கள். டர்பின், பசிலியோ, ஃபுல்மர், மூவரிடமும் ஒரு முறையாவது தோற்றிருக்கிறார். ஹாக்லர் அவர்களைவிட நன்றாக நெருக்குவார். திட்டுபவர்கள் திட்டலாம், ஏற்றுக்கொள்கிறேன்.

ஹாரி கிரெப் பற்றியும் கேட்பீர்கள். ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள். ஹெவிவெயிட் ஜாம்பவான் ஜாக் டெம்ப்ஸியை இரண்டு முறை வென்ற டன்னி, தன் தொழில்முறை வாழ்க்கையில் தோற்றது 1922 மே மாதம் கிரெப்பிடம் மட்டும்தான். கிட்டத்தட்ட 300 ஆட்டங்கள், அதில் பல வருடங்கள் ஒரு கண்ணில் பார்வையே இல்லாமல். 1926இல் 32 வயதில் அறுவைச் சிகிச்சையின்போது இறந்துபோனார். அவர் ஆடிய ஒரு ஆட்டத்தின் படச்சுருள்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் காட்சிதான் இருக்கிறது. கால் எப்படி வைத்தார், உள்ளே எப்படி நுழைந்தார் என்று பார்க்காமல் அவரை யாரோடும் மோதவிட எனக்கு மனம் வரவில்லை. அவரை மரியாதையோடு தனியே வைத்துவிடுகிறேன்.

கொலோவ்கின், ஹாக்லர்? 15 சுற்றில் ஹாக்லர். கொலோவ்கினின் ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, அபாரமானது, ஆனால் தலை ஒரே கோட்டில் வரும். இன்னொரு மிடில்வெயிட் சாம்பியன் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஹாக்லர்? பார்க்கக் கண்றாவியாக இருக்கும், கட்டிப்பிடித்தே பாதி நேரம் போகும், யார் ஜெயித்தாலும் மற்றவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 2001இல் டிரினிடாடைச் சுற்றுக்குச் சுற்று பிரித்துப் போட்ட ஹாப்கின்ஸ் என்றால் சமம் என்று விட்டுவிடுவேன்.

இப்போது லெனார்ட் ஆட்டம். அதைச் சொல்லாமல் மொன்சோனிடம் போக முடியாது. ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, ஒரு தாளில் கோடு போட்டு, அந்த 12 சுற்றுக்கும் ஐந்து முறை புள்ளி போட்டிருக்கிறேன். மூன்று முறை ஹாக்லருக்கு ஒரு சுற்று கூடுதலாக வந்தது. ஒரு முறை லெனார்டுக்கு. ஒரு முறை சமம். என்னை உறுத்துவது தோல்வி இல்லை. பிறவி இடதுகைக்காரரைப் போலவே ஆடிப் பழகிய ஹாக்லர், முதல் இரண்டு சுற்றும் வலதுகைக்காரர் நிலையில் நின்று ஆடினார். அந்தச் சுற்றுகள் திரும்பி வரவில்லை. லெனார்ட் ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்திலும் படபடவென்று கை வீசி நடுவர்களின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு நடுவர் 115-113 என்று ஹாக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே கணக்கை லெனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் 118-110 என்று, அதாவது பன்னிரண்டில் பத்துச் சுற்றை, லெனார்டுக்கு எழுதினார். முப்பது வருடம் கழித்து, 2017 செப்டம்பரில் கொலோவ்கினும் கனேலோவும் மோதியபோது அதே 118-110ஐ ஒரு நடுவர் கனேலோவுக்கு எழுதினார். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

ஹாக்லர் ரசிகர்களான நாம் கற்பனை ஆட்டங்களில் அவரை ஜெயிக்க வைத்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் காரணம். 1979இல் டிரா கொடுத்தார்கள். 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்லியில் ஆலன் மின்டரை மூன்று சுற்றில் முடித்துப் பட்டம் எடுத்தபோது கூட்டம் பாட்டில்களை வீசியது, பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் ஓட வேண்டியிருந்தது. கடைசியில் இந்த 118-110. அவருக்கு வர வேண்டிய பாக்கியை நாம் மனசுக்குள் தீர்த்து வைக்கிறோம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்பதால்தான் மொன்சோன் ஆட்டத்தில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்கப் பார்க்கிறேன்.

கார்லோஸ் மொன்சோனை மனிதராக எனக்குப் பிடிக்காது. 1988இல் தன் துணைவியாக இருந்த அலிசியா முனீஸைக் கொன்று சிறைக்குப் போனவர். ரிங்குக்குள் நடந்ததை மட்டும் பேசுகிறேன். 1970 நவம்பரில் ரோமில் நீனோ பென்வெனுட்டியை அவருடைய மக்கள் முன்னாலேயே 12ஆவது சுற்றில் ஒரு வலதுகை அடியில் சாய்த்தார். 14 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். 1964க்குப் பிறகு தோற்கவே இல்லை. அவருடைய இடதுகையை மட்டும் பத்து நிமிடம் உற்றுப் பாருங்கள். அடிக்கவே மாட்டார்போல இருக்கும். எதிராளியின் நெற்றிக்கு நேரே நீட்டி, தொட்டு, தள்ளி, தூரத்தை அளந்துகொண்டே இருப்பார். எதிராளி அந்தக் கையைத் தட்டிவிடுவதிலேயே குறியாக இருக்கும்போது பின்னால் இருந்து வலதுகை வரும். அவசரமே கிடையாது. இடுப்பில் இருந்து பின்னால் சாய்வார், அடி மூக்குக்கு முன்னால் காற்றில் போகும்.

ஹாக்லருக்குப் பிரச்சினை கொடுத்தவர்கள் அவசரப்படாதவர்கள்தான். ஹெர்ன்ஸ் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார், வலதுகை எலும்பை உடைத்துக்கொண்டார், எட்டு நிமிடத்தில் முடிந்தது. ரொபர்டோ டுரான் காத்திருந்து ஆடினார். 1983இல் 13 சுற்று முடிந்தபோது டுரான் இரண்டு நடுவர்களிடம் முன்னால் இருந்தார். 14, 15 இரண்டையும் எடுத்துத்தான் ஹாக்லர் தப்பித்தார். அந்த ஆட்டம் இன்றைக்குப்போல 12 சுற்றோடு முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொன்சோன் டுரானைவிட உயரம், கனம், அவரைவிட நிதானம்.

சரி, என் ஆட்டம் இதுதான். 15 சுற்று, அன்றைக்கே எடை. ஹெர்ன்ஸ் இரவின் ஹாக்லர், ரோம் இரவின் மொன்சோன். முதல் நான்கு சுற்றில் ஹாக்லர் பாய்கிறார், மொன்சோன் சாய்கிறார், பிடித்துக்கொள்கிறார், எடையை அவர் தோள்மேல் போடுகிறார். ஆளுக்கு இரண்டு. ஒருவர் இடதுகைக்காரர், மற்றவர் வலதுகைக்காரர் என்பதால் மொன்சோனின் வலதுகைக்கு நடுவில் நேர்வழி திறந்தே இருக்கிறது. ஐந்தில் இருந்து பத்துவரை அது வந்துகொண்டே இருக்கிறது, ஹெர்ன்ஸ் கிழித்த அதே நெற்றியில். அதில் ஐந்தை மொன்சோனுக்குக் கொடுக்கிறேன். பதினொன்றில் இருந்து ஹாக்லர் உடம்பைக் குறிவைக்கிறார், மொன்சோனின் முழங்கை கீழே இறங்குகிறது. கடைசி ஐந்தில் நான்கு ஹாக்லருக்கு. என் தாளில் 8-7, மொன்சோன். கடைசி மணி அடிக்கும்போது முகமெல்லாம் ரத்தத்தோடு முன்னேறிக்கொண்டிருப்பவர் ஹாக்லர், கயிற்றில் சாய்ந்து நிற்பவர் மொன்சோன்.