சேற்றுக்குப் பயந்தவன் மலைக்கு ஏன் வருகிறான்?

சனிக்கிழமை பென் லோமண்டிலிருந்து இறங்கி வந்தவன், இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது கொட்டித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளில் 282 மலைகள் மன்ரோ பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் தெற்குக் கோடியில் நிற்பது பென் லோமண்ட், 974 மீட்டர். கிளாஸ்கோவிலிருந்து காரில் ஒரு மணி நேரச் சொச்சம்தான் என்பதால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். பால்மஹாவைத் தாண்டிப் போகும் ஒடுக்கமான சாலை ரோவார்டென்னனில் முட்டி நின்றுவிடும். வெயில் அடிக்கிற சனிக்கிழமை கொஞ்சம் தாமதமாகப் போனாலும் அங்கே காரை நிறுத்த இடம் கிடைக்காது. கூட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மலை எல்லாருக்கும்தான்.

அங்கிருந்து ஏற இரண்டு வழி. பெரும்பாலானவர்கள் போவது தெற்குப் பக்கத்து அகலப் பாதை. இன்னொன்று டார்மிகன் முகடு. ஏரிக்கரையோடு வடக்கே கொஞ்சம் நடந்து, ஓடை ஓரமாக வலப்பக்கம் திரும்பி ஏற வேண்டும். செங்குத்து அதிகம், ஆள் குறைவு. ஏற ஏற லோமண்ட் ஏரி கீழே விரிந்துகொண்டே போகும். தெற்கே திரும்பிப் பார்த்தால் இன்ச்கைலாக், டொரின்ச், கிரீன்ச், இன்ச்மரின் என்று தீவுகள் ஒரே கோட்டில் கிடக்கும். ஸ்காட்லாந்தின் மேட்டு நிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரிக்கிற ஹைலேண்ட் எல்லைப் பிளவு என்ற நிலப்பிளவு, ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிற கோடு அது. எட்டு வருஷமாக நான் இந்த வழியாகத்தான் ஏறுகிறேன்.

இந்த முகட்டில் ஆங்காங்கே கல் படிகள் உண்டு, மீதி வெறும் மண். 731 மீட்டரில் டார்மிகன் உச்சி. அதைத் தாண்டி, கடைசிப் பாறை ஏற்றத்துக்கு முன்னால் ஈரமான ஒரு பள்ளம் வரும். நான் முதலில் வந்தபோது அங்கே சேறு நாலு எட்டு வைக்கிற அகலம்தான். சனிக்கிழமை நடந்து எண்ணினேன். பத்தொன்பது எட்டு!

எப்படி ஆனது என்று என் கண் முன்னாலேயே பார்த்தேன். ஐந்து பேர் கூட்டம். முன்னால் போனவர் சேற்றைப் பார்த்ததும் நின்றார். காலில் புத்தம் புது பூட்ஸ், தண்ணீர் புகாத வகை. சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கிப் பாசி மேல் நடந்தார். பின்னால் வந்த நாலு பேரும் அதே வழி. சேற்றில் போவதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய பூட்ஸை அப்புறம் எதற்குத்தான் போடுவார்கள்?

அவர்கள் போனதும் குனிந்து பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக இருந்த ஸ்பாக்னம் பாசி கிழிந்து கவிழ்ந்து கிடந்தது. பூட்ஸ் அடியின் வரிகளுக்குள் பழுப்புத் தண்ணீர் மெல்ல ஊறி நிறைந்தது. அடுத்து வருகிறவன் அந்த இடத்தையும் சேறு என்று நினைத்து இன்னும் ஓரடி தள்ளி நடப்பான். பாசியும் புல் வேரும் செத்தால் மண்ணைப் பிடிக்க ஆளில்லை. மழைத் தண்ணீர் கால் தடத்தில் இறங்கி வாய்க்கால் வெட்டிவிடும். ஒரு பாதை நாலாகப் பிரிவது இப்படித்தான். அந்த உயரத்தில் செடி வளர்வதே வருஷத்தில் சில மாதம்தான். ஒரு நிமிஷத்தில் மிதித்ததை அது எந்தக் காலத்தில் ஆற்றிக்கொள்ளும்?

இதோடு விட்டிருந்தால்கூட நான் பேசாமல் போயிருப்பேன். பள்ளத்தைத் தாண்டிப் பாறையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஆரஞ்சை உரித்துத் தோலைப் புல்லுக்குள் எறிந்தார். எடுத்துப் போகச் சொன்னேன். "தோல்தானே, மக்கிப் போய்விடும்" என்றார். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை!

ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்கிற மண்ணே மக்காத மண். பீட் என்பது வேறென்ன? குளிரிலும் புளிப்பேறிய தண்ணீரிலும் முழுசாக அழுக முடியாமல் செத்த பாசி படிந்து படிந்து சேர்ந்ததுதான் பீட். வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு. ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் வருஷம். அங்கேயே பிறந்த பாசியே மக்காத இடத்தில், எங்கோ வெயிலில் விளைந்த ஆரஞ்சுத் தோல் மட்டும் நாலு நாளில் மக்கிவிடுமா? இன்னும் கொஞ்சம் மேலே, ஒரு பாறைக்குப் பின்னால், ஈரத் துடைப்பான் காகிதங்கள் கற்களுக்கடியில் செருகிக் கிடந்தன. அதை யார் மக்க வைப்பது?

கேட்டால் உரிமை என்பார்கள். ஆமாம், 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இந்த நாட்டில் யாரும் மலையிலும் காட்டிலும் நடக்க உரிமை கொடுத்திருக்கிறது. பொறுப்போடு நடந்துகொண்டால் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. முன்பாதி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். பழுதான மலைப்பாதையைச் செப்பனிடக் கற்களை மூட்டை கட்டி ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். மழையில் நின்று அந்த வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், என் பூட்ஸ் அழுக்காகிவிடும் என்று!

சேற்றின் நடுவே நடங்கள். கணுக்கால் வரைக்கும் புதையும், அவ்வளவுதான். வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

அந்தத் தோலை நான்தான் பொறுக்கினேன். ஏழு துண்டு. அவர்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் கை நீட்டவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் ஆரஞ்சு வாசம் போகவில்லை. எனக்கு ஆத்திரமும் போகவில்லை.