வரி இருப்பதெல்லாம் குளவி அல்ல

கொத்தமல்லிப் பூக்களில் மொய்க்கும் மஞ்சள், கறுப்பு வரிப் பூச்சிகளின் படத்தை நீங்கள் போட்டிருக்கிறீர்கள். அவை குளவிகள், உடனே மருந்தடியுங்கள் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அடிக்காதீர்கள். படத்தில் இருப்பது சிர்பிட் ஈ, அதாவது பூக்களில் மொய்க்கும், குளவி போலத் தோன்றும் ஒரு வகை ஈ.

இறக்கைகளைப் பாருங்கள். குளவிக்கு இரண்டு ஜோடி. ஈக்கு ஒரே ஜோடிதான். பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற சிறு உறுப்பு இருக்கும். பறக்கும்போது உடலை நிலைப்படுத்துவது அதுதான். உணர்கொம்பும் குட்டையானது. கொடுக்கே கிடையாது.

ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதை மட்டும் வைத்துக் குடும்பத்தை முடிவு செய்யவும் கூடாது; பாம்பிலிட் என்ற வேறொரு குடும்பத்து ஈக்களும் அப்படி நிற்கும். சிர்பிட் ஈயின் இறக்கை நடுவே, மற்ற நரம்புகளோடு சேராத ஒரு பொய் நரம்பு நீளவாக்கில் ஓடும். லென்ஸ் வைத்தால் தெரியும். மிகச் சில இனங்களைத் தவிர, இந்தக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அது.

உலகில் சுமார் 6,000 சிர்பிட் இனங்கள் உள்ளன. எல்லாவற்றின் புழுக்களும் பூச்சி தின்னிகள் அல்ல. எரிஸ்டாலிஸ் என்ற சிர்பிட் வகையின் புழு சாக்கடை நீரில் வளரும். ஆனால் உங்கள் படத்தில் தண்டில் ஒட்டியிருக்கும் காலில்லாத பச்சைப் புழு சிர்பிட் ஈயின் புழுதான்; அது செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியைக் கவ்வி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுவாகத்தான் இருக்கும்.