சங்கு என்று சொன்னால் எந்தச் சங்கு?

சங்குக்கு ஆங்கிலத்தில் ‘காங்க்’ என்று எழுதுகிறோம். அகராதிக்குச் சரி, கடலுக்குச் சரியில்லை. கரீபியன் பக்கம் காங்க் என்றால் இளஞ்சிவப்பு வாயுள்ள, கறிக்காகப் பிடிக்கிற வேறொரு பிராணி. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுப்பது டர்பினெல்லா பைரம். இதற்கு ஆங்கிலத்திலேயே ‘சாங்க்’ என்று தனிச்சொல் இருக்கிறது. கீழக்கரைச் சங்கை விற்பவர்கள் அதைத்தான் எழுத வேண்டும்.

சிங்களத்தில் ச, ஹ ஆகி ‘ஹக்கெடிய’. வங்காளத்தில் ஊதுவது ‘ஷாங்க்’, அதையே அறுத்து மணமான பெண்கள் போடும் வளையல் ‘ஷாங்கா’. நம் கடற்சங்கு காலங்காலமாக அங்கே போனது இதற்காகத்தான். பழந்தமிழில் ‘வளை’ என்பதும் இப்படியே: சங்கும் அதுதான், வளையலும் அதுதான்.

தெலுங்குக்காரர் ‘சங்குஸ்தாபனா’ என்றால் அடிக்கல் நாட்டுவது. அந்தச் சங்கு ஊதுகிற சங்கல்ல, முளைக்குச்சி. வடமொழியில் அவை வேறுவேறு ககரம். நமக்கு இருப்பது ஒரே ‘க’ என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, ஆலைச் சங்கு, ‘சங்கை நெரிச்சிருவேன்’ என்னும்போது வரும் தொண்டை, இவையெல்லாம் நம் வீட்டுச் சொத்து.

காசு போகிற இடம் வலம்புரி. நாம் சங்கை வால்முனை மேலே, சுருள்முனை கீழே, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்துப் பார்க்கிறோம். வாய் இடப்பக்கம் இருந்தால் இடம்புரி. பெரும்பாலும் கிடைப்பது அதுதான். விலங்கியலார் சுருள்முனையை மேலே வைப்பார்கள். அப்போது அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். ஆகவே நம் இடம்புரி அவர்களுக்கு வலச்சுருள், நம் வலம்புரி இடச்சுருள். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘வலச்சுருள் சங்கு’ என்று இணையத்தில் வாங்கினால் சாதாரண இடம்புரிதான் பார்சலில் வரும்.

இன்னொரு ஏமாற்று, வலம்புரி என்று தலையில் கட்டப்படும் லைட்னிங் வெல்க் என்னும் அமெரிக்கக் கடலோரத்து நத்தை ஓடு. பிறவியிலேயே அது நம் வலம்புரிப் பக்கம் சுருள்வது, அங்கே மலிவு. வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு வரி மேடுகள் தடித்து நிற்கும், விரல்விட்டாலே தட்டுப்படும். வெல்க்கில் தண்டு வழுவழுவென்று இருக்கும். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறதே என்பார் கடைக்காரர். வெறும் டம்ளரை வைத்தாலும் கேட்கும்.