'அஸ்தூரியாஸ்' அஸ்தூரியாஸே இல்லை

கிளாசிக்கல் கிட்டார் பழகுகிறவர்கள் ஒரு கட்டத்தில் கட்டாயம் மோதிப் பார்க்கும் இசைத்துண்டு 'அஸ்தூரியாஸ்'. ஒரே சுரம் மேலே விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், கட்டைவிரல் கீழே மெட்டை நகர்த்தும், திடீரென்று ஒரு கார்டு (பல சுரங்கள் ஒரே நேரத்தில்) அறைந்தாற்போல வந்து விழும். கேட்டவர்கள் எல்லாரும் 'இதுதான் ஸ்பெயின்' என்பார்கள். எனக்கு அங்கேதான் உறுத்தல்.

முதலில் அது கிட்டார் இசையே இல்லை. ஸ்பானிஷ் இசையமைப்பாளர் ஐசக் ஆல்பேனிஸ் 1890-களில் பியானோவுக்கு எழுதியது. அந்தப் பெயரும் அவர் வைத்ததில்லை. அவருடைய 'ஸ்பானிஷ் தொகுப்பு' ஒன்றில் சில ஊர்களுக்குத் தலைப்பு மட்டும் இருந்தது, இசை இல்லை. 1909-இல் அவர் இறந்த பிறகு, ஒரு ஜெர்மன் பதிப்பகம் அவருடைய வேறு துண்டுகளை எடுத்து அந்த இடங்களை நிரப்பிவிட்டது. அஸ்தூரியாஸ் என்பது ஸ்பெயினின் வடக்கே மழை பெய்யும் கடலோரப் பகுதி, அங்கே பேக்பைப் ஊதுவார்கள். இந்த இசையோ தெற்கே ஆந்தலூசியாவின் ஃபிளமெங்கோ, அதாவது கிட்டாரோடு பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை. யாருக்கும் அது உறைக்கவில்லை. வெளியே இருப்பவனுக்கு ஸ்பெயின் என்றாலே ஆந்தலூசியாதானே!

இந்தக் குழப்பத்துக்குப் பதிப்பகத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. 'நம் நாட்டுப் பாடல்களின் மேல்தான் நம் இசையைக் கட்ட வேண்டும்' என்று 1891-இல் கொடி பிடித்தவர் இசையமைப்பாளர் ஃபெலிப் பெட்ரெல். வடகிழக்கு ஸ்பெயினின் கத்தலோனியாக்காரர். ஆல்பேனிஸும் இன்னொரு இசையமைப்பாளர் கிரனாடோஸும் அதே மண்ணில் பிறந்தவர்கள்தான். ஆனால் ஆல்பேனிஸின் மனசு முழுக்க தெற்கே ஆந்தலூசிய நகரங்களான கிரனாடாவிலும் செவியாவிலும் கிடந்தது. ஊரில் மேடைகளை இத்தாலிய ஓபரா பிடித்து வைத்திருந்தது. பெயர் வாங்க பாரிஸுக்குப் போனால், 1875-இல் செவியாவில் நடக்கும் ஜிப்ஸிப் பெண்ணின் கதையான 'கார்மென்' ஓபராவைப் பார்த்த ஊர் அது. காஸ்டனெட்டும் (விரல்களில் தட்டும் மரச் சிப்பித் தாளம்) ஜிப்ஸியும் இல்லாத ஸ்பெயினை யார் கேட்பார்கள்? ஆல்பேனிஸின் 'இபேரியா' 12 பியானோ துண்டுகள், எழுதியது பிரான்ஸில். அது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது தூரத்திலிருந்து கண்ட கனவு. அதைத் தேசிய பாணி என்று முத்திரை குத்துவதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

என் ஓட்டு இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயாவுக்கு. அவர் நிஜமாகவே ஆந்தலூசியாக்காரர், காதிஸில் பிறந்தவர். 1907-இலிருந்து ஏழு வருஷம் பாரிஸில் இருந்தவர்தான். ஆனாலும் அவருடைய 'ஏழு ஸ்பானிஷ் நாட்டுப் பாடல்'களில் (1914) மூன்றாவது 'அஸ்தூரியானா'. இது அசல் வடக்கத்திப் பாட்டு. ஆறுதல் தேடி ஒருத்தி பச்சைப் பைன் மரத்தடிக்குப் போகிறாள். அவள் அழுவதைப் பார்த்து மரமும் அழுகிறது. அவ்வளவுதான். பியானோ இருந்த இடத்திலேயே மெல்ல அசைந்துகொண்டிருக்கும், குரல் சில சுரங்களுக்குள்ளேயே சுற்றி வரும். கைதட்டல் வாங்குகிற இடம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்புறம் 1926-இல் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய பழைய விசைப்பலகை வாத்தியம்) கான்செர்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் துணை வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு. தனி வாத்தியத்தோடு சேர்த்து மொத்தமே ஆறு பேர், கால் மணி நேரம். 16-ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்றை முதல் பகுதியில் வைத்து இழைத்திருக்கிறார். நடுப் பகுதி தேவாலய ஊர்வலம் மாதிரி கனமாக நடக்கும். ஃபிளமெங்கோவின் வாடைகூடக் கிடையாது, நடு ஸ்பெயினான காஸ்டீலின் வறண்ட வெயில்தான். 'வறட்சியாக இருக்கிறது' என்று பலர் ஒதுக்குவார்கள். பழைய தேவாலய இசையையும் நாட்டுப் பாடலையும் சேர்த்துப் பெட்ரெல் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்ட மாணவர் இவர் ஒருவர்தான் என்பேன்.

ஃபாயா அதோடும் நிற்கவில்லை. சுமார் 20 வருஷம் மல்லுக்கட்டிய கடைசிப் படைப்பு 'அத்லாந்திதா'. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு கத்தலான் மொழிக் காவியம்! கத்தலோனியாக்காரர்கள் தெற்கைக் கனவு கண்டார்கள், தெற்கத்திக்காரர் கத்தலானில் எழுதினார். முடிக்காமலே 1946-இல் அர்ஜென்டினாவில் இறந்துபோனார். மாணவர் எர்னெஸ்டோ ஹால்ஃப்டர் முடித்து வைத்தார். அதில் எது குருவின் கை, எது சீடனின் கை என்பது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் பேசுவோம்.