வெளியிலையின் நிறமும் சுருட்டின் காரமும்
சுருட்டின் மேலே சுற்றப்படும் வெளியிலை கறுத்திருந்தால் சுருட்டு காரமாக இருக்கும், ஆகவே புதியவர்கள் வெளிர்நிறத்தையே வாங்க வேண்டும் என்று சுருட்டு வாங்குவது பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. மதுரோ எனப்படும் கருநிற இலை கூடுதல் நாள் புளிக்கவைக்கப்படுவதால் கறுக்கிறது, பெரும்பாலும் இனிப்புச் சாயலும் பெறுகிறது. தலைசுற்ற வைக்கும் காரமோ உள்ளே வைத்துச் சுற்றும் இலைகளிலிருந்து, குறிப்பாகச் செடியின் உச்சியில் நல்ல வெயில் பட்டுத் தடிக்கும் லிஹேரோ இலையிலிருந்து வருகிறது. நிறத்தை நம்பி நான் வாங்கிய வெளிர்நிற நிகரகுவா சுருட்டு பாதி எரிவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது; சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்த பிறகே நிதானத்துக்கு வந்தேன். விலை மலிந்தவை எல்லாமே கசக்கும் என்று மேலே கருத்திட்ட நண்பருக்கு: அவசரமாக அடுத்தடுத்து இழுத்தால் சூடேறி விலையுயர்ந்த கியூபாச் சுருட்டும் கசக்கும், நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். என் பரிந்துரை, பெட்டியின்றிக் கட்டாக விற்கப்படும் டொமினிக்கன் குடியரசுச் சுருட்டுகளில் துண்டு இலை கலவாமல் முழுநீள இலைகளால் சுற்றியதாக, மென்மையானது எது என்று கடைக்காரரிடம் கேட்டு, ஏறத்தாழ 5 அங்குல நீளத்தில் ஒன்றே ஒன்றை வாங்குவது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் அபாயம் நீங்குவதில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.